பாகப்பிரிவினை, கடன், வாடகை வழக்குகளைச் சமரசத்தில் முடிப்பது எப்படி? தயாரிப்பு முதல் தீர்ப்பாணை வரை

சமரசத்தில் முடிந்துவிட்டதாக நினைத்த ஒரு வழக்கு மறுபடி நீதிமன்றப் படியேறினால், முதலில் அந்த ஒப்பந்தத்தாளை எடுத்துப் படியுங்கள். யார் செய்யவேண்டும், எதைச் செய்யவேண்டும், எந்தத் தேதிக்குள், எந்த ஆவணத்தின் மூலம், தவறினால் என்ன ஆகும் என்ற ஐந்தில் ஏதாவது ஒன்று விட்டுப்போயிருக்கும். பேச்சில் எல்லோரும் நன்றாகவே உழைத்திருப்பார்கள், எழுத்தில் அவசரப்பட்டிருப்பார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் அமர்வு அறைக்குள் போகுமுன் செய்யவேண்டிய தயாரிப்புக்கும், வெளியே வருமுன் எழுதவேண்டிய ஒப்பந்தத்துக்கும்தான் அதிக இடம். தமிழ்நாட்டு உரிமையியல் நீதிமன்ற நடைமுறையை வைத்துச் சொல்கிறோம். கற்பனையான ஒரு குடும்பச் சொத்துத் தகராறை உதாரணமாக எடுத்து, அதை இறுதிவரை கூடவே கொண்டுபோகிறோம்.

சமரசம் எது, எது அல்ல

சமரசர் தீர்ப்புச் சொல்லமாட்டார். இரு தரப்பையும் உட்காரவைத்து, கூட்டாகவும் தனித்தனியாகவும் பேசி, அவர்களே ஒரு முடிவுக்கு வர உதவுவார். முடிவு பிடிக்கவில்லை என்றால் கையெழுத்துப் போடாமல் எழுந்து வரலாம். வழக்கு விட்ட இடத்திலிருந்து தொடரும், உங்கள் உரிமை எதுவும் குறையாது.

நடுவர் தீர்ப்பாயம் வேறு. அங்கே நடுவர் இரு தரப்பையும் கேட்டு முடிவு சொல்வார், அது கட்டுப்படுத்தும். மக்கள் நீதிமன்றம் என்கிற லோக் அதாலத்தும் வேறு. அங்கேயும் இரு தரப்பும் ஒப்புக்கொண்டால்தான் முடிவு, ஆனால் ஒரே நாளில் ஏராளமான வழக்குகள் எடுக்கப்படுவதால் பேசுவதற்குக் கிடைக்கும் நேரம் குறைவு. தொகையைக் குறைத்துக் கட்டினால் முடிந்துவிடும் வங்கிக் கடன், விபத்து இழப்பீடு போன்றவற்றுக்கு அது பொருந்தும். அண்ணன் தம்பி பதினைந்து வருஷமாகப் பேசிக்கொள்ளாத வழக்குக்கு அந்த நேரம் போதாது. பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கான நிரந்தர மக்கள் நீதிமன்றத்தில் இன்னொரு விஷயம் கவனிக்கவேண்டும். அங்கே இணக்கம் வராவிட்டால், குற்றச்செயல் சம்பந்தப்படாத தகராறில், அந்த அமைப்பே முடிவு சொல்லிவிட முடியும்.

காவல் நிலையத்திலோ ஊர்ப் பெரிய மனிதர் வீட்டுத் திண்ணையிலோ மிரட்டி எழுதி வாங்குவது சமரசம் ஆகாது. உரிமையியல் தகராறில் பணம் வாங்கித்தரும் அதிகாரம் காவல்துறைக்குக் கிடையாது. கட்டப்பஞ்சாயத்தில் போட்ட கையெழுத்தை நெருக்கடியால் போட்டது என்று சொல்லி யாரும் உடைக்கலாம். அப்படி வாங்கிய தாளை நம்பி வழக்கை விட்டுவிடாதீர்கள்.

நீதிமன்றத்தோடு இணைந்த சமரசத்துக்குச் சட்ட அடிப்படை, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89ஆவது பிரிவு. அது 2002 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையத்தை நாட்டிலேயே முதன்முதலில் தொடங்கியது சென்னை உயர் நீதிமன்றம், 2005 ஏப்ரல் 9 அன்று. இன்று மாவட்ட நீதிமன்ற வளாகங்களிலும் மையங்கள் உண்டு. 2023இல் நாடாளுமன்றம் சமரசத்துக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. அதன் பிரிவுகளில் ஒரு பகுதி மட்டும் 2023 அக்டோபர் 9 அன்று அமலுக்கு வந்தது, மற்றவை தனித்தனி அறிவிக்கையால் வரவேண்டியவை. எனவே அந்தச் சட்டத்தின் ஒரு பிரிவை நம்பி அடியெடுத்து வைக்குமுன், அந்தப் பிரிவு அமலில் இருக்கிறதா என்று வக்கீலிடம் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

உங்கள் வழக்கு இதற்கு ஏற்றதா?

உச்ச நீதிமன்றம் 2010இல் ஆஃப்கான்ஸ் வழக்கில் இதற்கு ஒரு வரையறை கொடுத்தது. வியாபாரம், ஒப்பந்தம், பணக்கொடுக்கல் வாங்கல், வீடு கட்டுபவருக்கும் வாங்குபவருக்கும் உள்ள தகராறு, வீட்டுக்காரர் வாடகைதாரர் பிரச்சினை, காப்பீடு, பாகப்பிரிவினை, ஜீவனாம்சம், குழந்தைப் பொறுப்பு, பாதை உரிமை, வேலிச்சண்டை, நுகர்வோர் புகார் எல்லாம் ஏற்றவை. தேர்தல் வழக்குகள், பலருக்காக ஒருவர் தொடுக்கும் பிரதிநிதித்துவ வழக்குகள், மோசடி, போலி ஆவணம் என்று குறிப்பாகவும் தீவிரமாகவும் குற்றம்சாட்டும் வழக்குகள், குற்ற வழக்குகள் போன்றவை ஏற்றவை அல்ல.

இந்தப் பட்டியலோடு நிற்காமல் உங்களையே மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். வழக்கு முடிந்தபிறகும் எதிர்த் தரப்போடு உங்களுக்கு ஏதாவது உறவு மிஞ்சுமா? பணத்தைத் தவிர வேறு எதையாவது கொடுத்து வாங்க முடியுமா, உதாரணமாகக் காலஅவகாசம், பாதை, பொருள், ஒரு மன்னிப்பு? தீர்ப்பு வந்தாலும் அதை நிறைவேற்றுவது கஷ்டமா? ஒன்றுக்காவது ஆம் என்றால் சமரசத்தை முயன்று பார்ப்பது நல்லது.

சமரசம் கூடாத இடமும் உண்டு. வீட்டில் அடி உதை இருக்கிறது, பக்கத்தில் உட்காரவே பயம் என்றால் முதலில் பாதுகாப்பு உத்தரவு வாங்குங்கள். பயத்தோடு போடும் கையெழுத்துக்குப் பெயர் சம்மதம் இல்லை. எதிர்த் தரப்பு சொத்தை விற்கப்போகிறது என்று தெரிந்தால் தடையாணை வாங்காமல் பேசப் போகாதீர்கள். இடைக்காலத் தடையும் சமரசமும் ஒரே நேரத்தில் நடக்கலாம்.

எந்த வாசல் வழியாகப் போவது?

வழக்கு நிலுவையில் இருந்தால் வழி எளிது. சமரச மையத்துக்கு அனுப்பும்படி உங்கள் வக்கீல் நீதிமன்றத்தில் ஒரு மெமோ கொடுத்தால் போதும். எதிர்த் தரப்பு முன்கூட்டியே ஒப்புக்கொள்ளவேண்டிய அவசியம் இல்லை, நீதிபதி பொருத்தம் என்று கருதினால் அனுப்பலாம். நடுவருக்கு அனுப்பத்தான் இரு தரப்புச் சம்மதம் வேண்டும். நீதிமன்ற மையத்தில் பயிற்சி பெற்ற சமரசர் உட்காருவார், தரப்பினர் அவருக்குக் கட்டணம் கொடுக்கவேண்டியதில்லை.

வழக்கே போடவில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலோ வட்ட சட்டப்பணிகள் குழுவிலோ வெள்ளைத்தாளில் மனு கொடுக்கலாம். அவர்கள் எதிர்த் தரப்பை அழைப்பார்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீலும் கிடைப்பார். உதவி எண் 15100.

வணிகத் தகராறு, மதிப்பு 3 லட்சத்துக்குக் குறையாதது, அவசர இடைக்கால உத்தரவு கேட்கவில்லை என்றால் சமரச முயற்சி உங்கள் விருப்பத்தில் விடப்படவில்லை. வணிக நீதிமன்றச் சட்டத்தின் 12ஏ பிரிவின்படி முதலில் அதை முயன்றிருக்கவேண்டும். இல்லாவிட்டால் பிராது, அதாவது வழக்கைத் தொடங்கும் மனு, தள்ளுபடி ஆகும் என்று 2022 ஆகஸ்டில் பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2018 விதிகளின்படி விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய். மதிப்பு 10 லட்சம் வரை என்றால் சமரசக் கட்டணம் 15,000, அதை இரு தரப்பும் சரிபாதியாகக் கட்டவேண்டும். காலம் மூன்று மாதம், இரு தரப்பும் சம்மதித்தால் இன்னும் இரண்டு மாதம். எதிர்த் தரப்பு நோட்டீஸுக்கு வரவே இல்லை என்றால் சமரசம் தொடங்கவில்லை என்று அறிக்கை தருவார்கள். அதைப் பிராதோடு இணைத்து வழக்குப் போடலாம்.

குடும்ப நீதிமன்றமும் நுகர்வோர் ஆணையமும் தாமே சமரசத்துக்கு அனுப்பும். தனியார் சமரசர்களும் உண்டு, மணிக்கணக்கிலோ அமர்வுக் கணக்கிலோ கட்டணம் வாங்குவார்கள். பெரிய வணிகத் தகராறுக்கு அது தகும்.

பேச்சு நடக்கும்போது ஓடும் கடிகாரம்

பலர் ஏமாறுவது இங்கேதான். புரோநோட்டுக் கடனுக்கு வழக்குப் போட மூன்று ஆண்டுதான் கெடு. கடன்காரர் “பேசிக்கலாம் அண்ணே, சமரசமாப் போயிடலாம்” என்று ஆறு மாதம் இழுத்தால் அந்த ஆறு மாதம் உங்கள் கணக்கில்தான் கழியும். வழக்குப் போடாமல் நீங்களாக உட்கார்ந்து பேசுவதால் கெடு நிற்காது. 12ஏ பிரிவில் சமரசம் நடக்கும் காலம் கெடுவிலிருந்து கழிக்கப்படும், ஆனால் அந்தச் சலுகை முறைப்படி விண்ணப்பித்தவருக்குத்தான்.

காசோலை திரும்பிய விஷயத்தில் கெடு இன்னும் குறுகியது. திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ், பணம் கட்ட 15 நாள், அது முடிந்த ஒரு மாதத்துக்குள் புகார். சமரசம் பேசுகிறேன் என்று இதில் எதையும் தள்ளிப்போடாதீர்கள். புகாரைக் கொடுத்துவிட்டே பேசலாம், அந்தக் குற்றம் சட்டப்படி சமாதானமாகப் போகக்கூடியது.

கடன் கெடு நெருங்குகிறது, ஆனாலும் பேசத்தான் வேண்டும் என்றால், கடன்பட்டவரிடம் கெடு முடியுமுன் கடனை ஒப்புக்கொண்டு தேதியிட்டுக் கையெழுத்திட்ட கடிதம் வாங்குங்கள். காலவரையறைச் சட்டத்தின் 18ஆவது பிரிவின்படி அந்தத் தேதியிலிருந்து புதுக் கெடு தொடங்கும். இதைத் தனிக் கடிதமாக வாங்குவது முக்கியம். சமரச அறையில் பேசியது ரகசியம், பிறகு அதைச் சாட்சியமாகக் காட்ட முடியாது.

தயாரிப்பு: நம்முடைய உதாரணக் குடும்பம்

மதுரையில் ஒரு வீடு. அப்பா சொந்தமாகச் சம்பாதித்து வாங்கியது, உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அம்மா, இரண்டு மகன்கள், ஒரு மகள் இருக்கிறார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நால்வருக்கும் தலா கால் பங்கு. மூத்தவர் அம்மாவோடு அந்த வீட்டில் குடியிருக்கிறார், இளையவர் துபாயில் வேலை, மகள் திருச்சியில். மகள் பாகப்பிரிவினை வழக்குப் போட்டிருக்கிறார்.

முதல் வேலை, யார் யார் கையெழுத்து வேண்டும் என்று பட்டியல் போடுவது. வாரிசுச் சான்றை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் பாருங்கள். இறந்துபோன வாரிசு இருந்தால் அவருடைய வாரிசுகள் எல்லோரும் வேண்டும். மைனர் இருந்தால் அவருக்காகக் காப்பாளர் செய்யும் சமரசத்துக்கு நீதிமன்ற அனுமதி கட்டாயம், அனுமதி இல்லாத ராஜியை (சமரச ஒப்பந்தத்தை) மைனர் பின்னால் ரத்து செய்யலாம். துபாய்த் தம்பி வர முடியாவிட்டால் பொது அதிகாரப் பத்திரம் கொடுக்கலாம், காணொளியில் அமர்வில் கலந்துகொள்ளலாம். அந்தப் பத்திரத்தில் “வழக்கைக் கவனிக்க” என்று மட்டும் எழுதினால் போதாது. சமரசம் செய்யவும், தொகை பெறவும், விடுதலைப் பத்திரம் (தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) பதியவும் என்று மூன்றும் தனித்தனியாக இருக்கவேண்டும். இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, இந்தியா வந்துசேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரை செலுத்தவேண்டும். நிறுவனம் ஒரு தரப்பு என்றால் இயக்குநர் குழுத் தீர்மானம் வேண்டும். முடிவெடுக்க அதிகாரம் இல்லாதவரை அனுப்பினால் ஒவ்வொரு முறையும் “கேட்டுச் சொல்றேன்” என்பதிலேயே அமர்வு தீர்ந்துபோகும்.

இரண்டாவது ஆவணக் கட்டு. மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, புல வரைபடம், சொத்துவரி ரசீது, வாடகை ஒப்பந்தம், வீட்டுக்குச் செலவழித்த ரசீதுகள். எல்லாவற்றிலும் மூன்று நகல் எடுத்து, மேலே ஒரு பக்கத்தில் தேதிவாரியாக நடந்ததை எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். சமரசருக்கு நீண்ட பிராது தேவையில்லை, எங்கே சிக்கியிருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

மூன்றாவது கணக்கு. இதைச் செய்யாமல் வருகிறவர்கள்தான் அதிகம். வீட்டின் சந்தை விலையை இரண்டு பேரிடமாவது விசாரியுங்கள், அரசு வழிகாட்டி மதிப்பைச் சந்தை விலையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் உதாரணத்தில் 1 கோடியே 20 லட்சம் என்று வைப்போம். கால் பங்கு 30 லட்சம். மூத்தவர் மாடிக்கு 6 லட்சம் செலவழித்தார், ரசீது உண்டு. அதில் கால் பங்கு 1.5 லட்சம் மகள் பங்கில் கழியும். கீழே உள்ள கடை வாடகை மாதம் 8,000. ஐந்தாண்டாக மூத்தவரே வாங்கியது 4.8 லட்சம், அதில் மகளுக்கு 1.2 லட்சம் வரவேண்டும். ஆக மகளின் நியாயமான எண் 29.7 லட்சம். இளையவருக்கும் அதே.

அடுத்தது, சமரசம் ஆகாவிட்டால் என்ன கிடைக்கும் என்ற கணக்கு. மேல்முறையீடு எல்லாம் முடிய ஆறு ஆண்டு ஆகும் என்று மகள் நினைத்தால், வீட்டு விலை ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுவதாக வைத்து, 29.7 லட்சம் சுமார் 39.8 லட்சம் ஆகும். அதில் வக்கீல் செலவு, போக்குவரத்து, தோற்கும் அபாயம் கழியும். இன்றைக்கு 27 லட்சம் கையில் வந்து 7 சதவீதக் கூட்டு வட்டியில் இருந்தால் ஆறு ஆண்டில் சுமார் 40.5 லட்சம். எனவே 27 லட்சத்துக்குமேல் கிடைக்கும் எந்த உடனடித் தொகையும் அவருக்கு நஷ்டமில்லை. இந்த அடிமட்ட எண்ணை ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளவேண்டும். விலையேற்றம், வட்டி, ஆண்டுக்கணக்கு எல்லாம் உங்கள் ஊருக்கும் வழக்குக்கும் தகுந்தபடி மாறும், போடும் முறை இதுதான்.

எதிர்த் தரப்புக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். மூத்தவருக்கு உண்மையில் என்ன கவலை? வீட்டைவிட்டு வெளியேற வேண்டிவருமோ என்பது. தம்பி தங்கைக்குச் சேர்த்து 59.4 லட்சம் புரட்டமுடியுமா என்பது. அம்மாவுக்கு என்ன கவலை? கடைசிக் காலத்தில் யார் வீட்டில் இருப்பது என்பது. இவை பிராதில் ஓரிடத்திலும் இருக்காது, ஆனால் வழக்கு நகராமல் நிற்பது இவற்றால்தான்.

அமர்வில் என்ன நடக்கும்

சமரசர் தன்னை அறிமுகம் செய்து விதிகளைச் சொல்வார். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக்கூடாது, பேசியது வெளியே போகாது, யாரும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். பிறகு ஒவ்வொரு தரப்பும் பேசும். இங்கே வக்கீலைவிட நீங்களே பேசுவது நல்லது. சட்டப் பிரிவுகளை அடுக்கவேண்டாம். என்ன நடந்தது, எது வலித்தது, என்ன வேண்டும் என்று பத்து நிமிடத்தில் சொல்லுங்கள். எதிரே இருப்பவரைப் பார்த்து “நீங்க பொய் சொல்றீங்க” என்று சொன்னால் அடுத்த ஒரு மணி நேரம் அதற்கே போய்விடும். “அந்த வாடகைக் கணக்கு எனக்குப் புரியல, காட்டுங்க” என்றால் கணக்கு வரும்.

அடுத்து தனி அமர்வு. சமரசர் உங்களோடு மட்டும் பேசுவார். அங்கே சொல்வதில் எதை மற்ற தரப்பிடம் சொல்லக்கூடாது என்று தெளிவாகச் சொல்லுங்கள், சமரசர் அதைக் காப்பார். உங்கள் பலவீனத்தை அங்கே ஒப்புக்கொள்வது தவறில்லை. உதாரணத்தில் மகள், “எனக்குப் பணம் மொத்தமாக வேண்டாம், ஆனால் ஜூனில் பையன் கல்லூரிக் கட்டணம் கட்டணும்” என்று சொன்னால் தவணை என்ற கதவு திறக்கும்.

எண்களைச் சொல்லும்போது காரணத்தோடு சொல்லுங்கள். “35 லட்சம் வேணும்” என்பதற்குப் பதில் சொல்ல முடியாது, பேரம்தான் பேச முடியும். “1.20 கோடியில் கால் பங்கு, கூட வாடகைப் பங்கு, கழிவு மாடிச் செலவு” என்றால் எந்த வரியில் கருத்து வேறுபாடு என்று கண்டுபிடித்துப் பேசலாம். அடிமட்ட எண்ணைத் தனி அமர்வில்கூட முதல் சுற்றில் சொல்லவேண்டியதில்லை.

பேச்சு முட்டிக்கொண்டால் சில வழிகள் உண்டு. விலையில் முட்டினால் இரு தரப்பும் ஏற்கும் ஒரு மதிப்பீட்டாளரை வைத்து, அவர் சொல்வது இறுதி என்று முன்கூட்டியே எழுதிக்கொள்ளலாம். யார் வீட்டை எடுப்பது என்பதில் முட்டினால் இருவரும் மூடிய உறையில் விலை எழுதிக் கொடுத்து, அதிகம் எழுதியவர் எடுத்துக்கொள்ளலாம். நிலத்தைப் பிரிப்பதில் முட்டினால் ஒருவர் கூறுபோட மற்றவர் முதலில் எடுப்பது, அல்லது சமக்கூறுகளுக்குத் திருவுளச்சீட்டுப் போடுவது. மனம் கொதித்திருந்தால் அன்றைக்கு நிறுத்திவிட்டு ஒரு வாரம் கழித்து வைத்துக்கொள்வதே சரி. மாலை ஆறு மணிக்குக் களைத்துப்போய் “சரி எழுதுங்க” என்று சொல்வதில்தான் நாளைய வழக்கின் விதை விழுகிறது.

ஒப்பந்தம் எழுதுதல்

நிறைவேற்று நீதிமன்றத்தில் இன்னொரு நீதிபதி, உங்கள் கதை எதுவும் தெரியாமல், இந்தத் தாளை மட்டும் படித்து உத்தரவு போடவேண்டும். அப்படிப் போட முடிகிறதா என்று ஒவ்வொரு வரியையும் சோதியுங்கள்.

“மூத்தவர் மற்றவர்களுக்கு உரிய தொகையை விரைவில் கொடுத்துவிட வேண்டும்” என்பதை நிறைவேற்றவே முடியாது. எவ்வளவு, யாருக்கு, எப்போது என்று எதுவும் இல்லை. அதையே இப்படி எழுதலாம்: “1ஆம் பிரதிவாதி வாதிக்கு 29,70,000 ரூபாய் செலுத்தவேண்டும். அதில் 5,00,000 ரூபாய் இன்று வரைவோலையாகக் கொடுக்கப்பட்டது. மீதி 24,70,000 ரூபாயை இன்றிலிருந்து 120 நாளுக்குள், சார்பதிவாளர் அலுவலகத்தில் வாதி விடுதலைப் பத்திரம் பதியும் அதே நேரத்தில், வரைவோலையாகக் கொடுக்கவேண்டும்.” இளையவருக்கும் இதே வாசகம் தனிப் பத்தியாக வரவேண்டும்.

அந்த வாசகத்துக்குப் பின்னால் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைக் கையெழுத்துக்கு முன்பே தீர்க்கவேண்டும். மூத்தவர் கையெழுத்தன்று இருவருக்கும் சேர்த்து 10 லட்சம் கொடுத்துவிட்டார், மீதி 49.4 லட்சத்தில் 40 லட்சம் வங்கிக் கடன். பங்காளிகளின் உரிமை தீராத வீட்டின்மேல் வங்கி கடன் தராது, பணம் வராமல் தங்கை விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடமாட்டார். இந்த முடிச்சை அவிழ்க்கப் பதிவும் வரைவோலையும் ஒரே நாளில், ஒரே மேசையில் கைமாற ஏற்பாடு செய்யவேண்டும். விடுதலைப் பத்திர வரைவை வங்கியின் சட்ட ஆலோசகரிடம் முன்கூட்டியே காட்டி, கடன் ஒப்புதல் கடிதம் வாங்கிய பிறகுதான் 120 நாள் என்ற எண்ணை எழுதவேண்டும். கடன் கிடைக்குமா என்று பார்க்காமல் தேதி எழுதியதே பல ராஜிகள் தவறிப்போனதற்குக் காரணம்.

தவறினால் என்ன என்ற பத்தி கட்டாயம் வேண்டும். உதாரணத்தில்: 120 நாள் தாண்டினால் மீதித் தொகைக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, அதிகபட்சம் 60 நாள். அந்த 60 நாளுக்கு 24.7 லட்சத்துக்கு வட்டி சுமார் 48,700 ரூபாய். அதன்பிறகும் கட்டாவிட்டால் வீட்டை நீதிமன்றம் மூலம் ஏலத்தில் விற்று நான்கு பங்காகப் பிரிப்பது, வாங்கிய 5 லட்சத்தை அவரவர் பங்கில் கழிப்பது, மாடிச் செலவையும் வாடகையையும் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட கணக்குப்படியே சேர்ப்பது. இப்படி இரண்டு படி இருந்தால் ஒரு மாதத் தாமதத்துக்காக எல்லாம் உடையாது, வேண்டுமென்றே இழுக்கவும் முடியாது.

அம்மாவின் பங்கு பற்றி எங்கள் கருத்தைச் சொல்லிவிடுகிறோம். அதையும் அன்றைக்கே எழுதி வாங்கிவிட எல்லோரும் அவசரப்படுவார்கள். வேண்டாம். கால் பங்கு அவர் பெயரிலேயே இருக்கட்டும், உயிருள்ளவரை அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையை ஒப்பந்தத்தில் தனியாக எழுதுங்கள். அவரே விரும்பி மகனுக்குக் கொடுப்பதானால், பராமரிப்பு நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதவேண்டும். அப்படி எழுதியிருந்து மகன் கவனிக்காமல் விட்டால், 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவின்கீழ் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம்.

இவை தவிர, சொத்து விவர அட்டவணையில் சர்வே எண், விஸ்தீரணம், நான்கு எல்லை, கதவு எண், மின் இணைப்பு எண் வரை இருக்கட்டும். முத்திரைத்தாள், பதிவுச் செலவு யாருடையது, மூலப்பத்திரம் யாரிடம் இருக்கும், பட்டா மாற்ற யார் கையெழுத்துத் தரவேண்டும், பாக்கி சொத்துவரி யார் கட்டுவது என்பதையும் எழுதுங்கள். இரு தரப்புக்கும் இடையே நிலுவையில் உள்ள எல்லா வழக்கையும் எண்ணோடு பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் எந்தக் கட்டத்தில் முடியும் என்று குறிப்பிடுங்கள். கணவன் மனைவி தகராறில் இது மிகவும் தேவை. வரதட்சணைக் கொடுமை வழக்கைத் தரப்பினர் தாமாக வாபஸ் வாங்க முடியாது, உயர் நீதிமன்றம்தான் ரத்து செய்யவேண்டும். அதற்கான மனுவில் மனைவி சம்மதப் பிரமாணம் தரும் நாளும், தொகையின் கடைசித் தவணை வரும் நாளும் ஒன்றாக இருக்கும்படி எழுதுவதுதான் இரு பக்கத்துக்கும் பாதுகாப்பு.

எழுதிய பிறகு தமிழில் உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து “எல்லாம் பேசினபடிதான்” என்று சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள். ஒவ்வொரு பக்கத்திலும் எல்லாத் தரப்பினரும், வக்கீல்களும் கையெழுத்திடவேண்டும்.

ஒப்பந்தத்திலிருந்து தீர்ப்பாணைக்கு

நீதிமன்றம் அனுப்பிய வழக்கு என்றால் ஒப்பந்தம் மையத்திலிருந்து நீதிமன்றத்துக்குப் போகும். நீதிபதி தரப்பினரிடம் கேட்டுத் திருப்தியடைந்து, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 23, விதி 3இன்படி தீர்ப்பாணை, அதாவது நீதிமன்றம் மூலம் நிறைவேற்றக்கூடிய ஆணை, வழங்குவார். அந்த நாளில் நேரில் போயிருங்கள். சம்மதத்தில் வந்த தீர்ப்பாணைக்கு மேல்முறையீடு கிடையாது, அதைச் செல்லாது என்று சொல்லப் புதிய வழக்கும் போட முடியாது.

ஒரு எச்சரிக்கை. “சமரசமாயிடுச்சே, வழக்கை வாபஸ் வாங்கிடுங்க” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் வைக்காமல், மறுபடி வழக்குப் போட அனுமதியும் வாங்காமல் வாபஸ் பெற்றால், அதே விஷயத்துக்கு இன்னொரு வழக்குப் போட முடியாது. எதிர்த் தரப்பு பணம் தராவிட்டால் நிறைவேற்றக் கையில் தீர்ப்பாணையும் இருக்காது. ராஜியைத் தீர்ப்பாணையாக்கித்தான் வழக்கை முடிக்கவேண்டும். மக்கள் நீதிமன்றத்தில் பதிவானால் அந்த முடிவே தீர்ப்பாணைக்குச் சமம். 12ஏ பிரிவில் எழுதிய ஒப்பந்தத்துக்கு நடுவர் தீர்ப்பின் தகுதி உண்டு.

பிராதுக்குக் கட்டிய கட்டணத்தைத் திரும்பக் கேட்க மறக்காதீர்கள். தமிழ்நாட்டில் பண வழக்குக்குக் கட்டணம் 3 சதவீதம், 10 லட்சம் வழக்கு என்றால் 30,000 ரூபாய். 89ஆவது பிரிவில் முடிந்தால் தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 69ஏ பிரிவின்படி முழுத்தொகையும் திரும்ப வரும். தரப்பினர் தாங்களாகவே வெளியே பேசி முடித்த வழக்குக்கும் இது பொருந்தும் என்று, சென்னை உயர் நீதிமன்றத்தின் நிர்வாகத் தரப்பு தொடர்ந்த மேல்முறையீட்டிலேயே 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதற்குத் தனி மனு வேண்டும், தீர்ப்பாணையிலும் ஒரு வரி இருக்கட்டும்.

சொத்து வழக்கில் பதிவையும் பாருங்கள். ராஜியில் வழக்கில் இல்லாத வேறொரு மனையும் சேர்ந்திருந்தால் தீர்ப்பாணையைக் கட்டாயம் பதியவேண்டும். பங்கு பிரிக்கும் இறுதித் தீர்ப்பாணை முத்திரைத்தாளில் எழுதப்பட்டால்தான் நிறைவேற்ற முடியும். கட்டாயமில்லாத இடத்திலும் நான்கு மாதத்துக்குள் பதிந்துவிடுவதே நல்லது. பதியாத தீர்ப்பாணை வில்லங்கச் சான்றில் தெரியாது, விற்கும்போதும் கடன் கேட்கும்போதும் கேள்வி எழும்.

எதிர்த் தரப்பு தவறினால் தீர்ப்பாணை கொடுத்த நீதிமன்றத்தில் நிறைவேற்று மனு போடலாம். பொதுவான கெடு 12 ஆண்டு. ஆனால் தவறிய தேதிக்கு அடுத்த வாரமே ஒரு நோட்டீஸ் அனுப்பிவிடுங்கள், தாமதத்தை நீங்கள் ஏற்றுக்கொண்டதாக யாரும் வாதிட இடம் தரக்கூடாது.

சமரசம் ஆகவில்லை என்றால் சமரசர் நீதிமன்றத்துக்கு அனுப்பும் அறிக்கையில் “முடிவு எட்டப்படவில்லை” என்று மட்டும்தான் இருக்கவேண்டும். யார் எவ்வளவு கேட்டார், யார் மறுத்தார் என்று எழுதக்கூடாது என்பதை மோதிராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. வழக்கு தொடரும்போது அந்த அறையில் கேட்டதை உங்கள் மனுவிலும் எழுதாதீர்கள். விசாரணை நடக்கும்போதோ மேல்முறையீட்டிலோ மறுபடி சமரசத்துக்கு அனுப்பக் கேட்கலாம், சாட்சி விசாரணை முடிந்து இரு பக்கமும் தங்கள் பலவீனத்தைப் பார்த்த பிறகு இரண்டாம் முறை போகும்போது எண்கள் நெருங்கியிருப்பது உண்டு. அடிமட்ட எண் எழுதிய அந்தத் தாளை அதுவரை பத்திரமாக வைத்திருங்கள். வட்டியும் வீட்டு விலையும் மாறியிருக்கும் என்பதால், இரண்டாம் முறை போகுமுன் புதிதாகக் கணக்குப் போடுங்கள்.